முன்கண்ணாடியில் கல் தெறித்த சொட்டையை நாமே அடைப்பது

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டும்போது ஜல்லி லாரிகளுக்குப் பின்னால் மாட்டாமல் வருவது கஷ்டம். லாரியிலிருந்து உதிர்வதும் சரி, முன்னே போகும் டயர் கிளப்பிவிடுவதும் சரி, ஒரு பொடிக்கல் போதும். டக்கென்று ஒரு சத்தம், கண்ணாடியில் ஒரு வெள்ளைப் புள்ளி. என் காருக்கும் தம்பி காருக்கும் எங்கள் தெருவில் உள்ள டாக்ஸிகளுக்கும் நானே ரெசின், அதாவது வெயிலில் இறுகும் தெளிவான திரவப் பசை, ஏற்றி இந்தச் சொட்டையை அடைத்துக் கொடுத்துவருகிறேன். கேட்பவர்களிடம் முதலில் சொல்வது ஒன்றுதான்: கல் பட்டவுடன் வண்டியை ஓரம்கட்டி, அந்த இடத்தில் ஒரு துண்டு செல்லோடேப்பை ஒட்டுங்கள்.

சொட்டைக்குள் இருப்பது வெறும் காற்று. அதை வெளியே எடுத்து அங்கே ரெசினை நிரப்புவதுதான் மொத்த வேலையும். தூசியும் தண்ணீரும் முந்திக்கொண்டால் ரெசினுக்கு இடம் இருக்காது. அதனால் வேலை முடியும்வரை வண்டியைக் கழுவ வேண்டாம். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் ஏசி காற்றைக் கண்ணாடி மேல் திருப்பவும் வேண்டாம். சூடான கண்ணாடி சட்டென்று குளிர்ந்தால் அந்தப் புள்ளியிலிருந்தே விரிசல் ஓடும்.

முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். கல் பெரும்பாலும் வெளித்தகட்டை மட்டும்தான் பெயர்க்கும், அதனால்தான் அடைக்க முடிகிறது. கதவுக் கண்ணாடி பெரும்பாலான கார்களில் டெம்பர்டு வகை; உடைந்தால் மொத்தமாகப் பொடிப்பொடியாகும், அதில் ரெசின் வேலைக்கு ஆகாது, மாற்றத்தான் வேண்டும். முன்கண்ணாடியிலும் ஒரு ரூபாய் நாணயத்தால் மறைக்க முடிகிற சொட்டையை மட்டும் தொடுங்கள். உள்பக்கம் விரலால் தடவும்போது நெருடினாலோ, கண்ணாடி ஓரத்தை ஒட்டி இருந்தாலோ, ஓட்டுநர் கண்ணுக்கு நேரே இருந்தாலோ கடைக்குப் போய்விடுங்கள். நன்றாக அடைத்தாலும் ஒரு மங்கல் தடம் நிற்கும். அது கண்ணுக்கு நேரே இருந்தால், இரவில் எதிர்வண்டி வெளிச்சம் அதில் பட்டுச் சிதறும்.

ரெசின் கிட் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. கண்ணாடியில் ஒட்டி நிற்கும் சக்ஷன் தாங்கி, ஊசிக்குழாய் மாதிரி ஒரு குழல், ரெசின், சிறு பிளாஸ்டிக் தாள்கள், பிளேடு, அவ்வளவுதான். சூப்பர் க்ளூ பக்கம் மட்டும் போகாதீர்கள். அது உள்ளே இறுகிவிட்டால் பிறகு ரெசின் போக வழியே கிடையாது.

ரெசின் வெயிலில் உள்ள புற ஊதா ஒளியில் இறுகும். ஆகவே வேலை நிழலில், வெயில் ஏறுவதற்கு முன், கண்ணாடி தொட்டால் சூடில்லாத நேரத்தில் நடக்கட்டும். டேப்பை எடுத்து, குண்டூசியால் உதிரிச் சில்லுகளை மெதுவாகத் தட்டி எடுங்கள். பனியோ மழையோ பட்டிருந்தால் ஹேர் ட்ரையரை உள்பக்கமிருந்து தள்ளிப் பிடித்து ஈரத்தைப் போக்கி, கண்ணாடி ஆறும்வரை காத்திருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

தாங்கியைக் கண்ணாடியில் ஒட்டி, குழலை அதில் பொருத்துங்கள். குழலின் வாய் சரியாகச் சொட்டையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று காருக்குள்ளிருந்து பாருங்கள். குழல் வாயில் உள்ள ரப்பர் கண்ணாடியில் பதிந்தால் போதும். அழுத்தி முறுக்கினால் விரிசல் நீளும். இரண்டு மூன்று சொட்டு ரெசின் விட்டு, குழலுக்குள் போகும் தண்டைத் திருகி இறக்குங்கள். ஐந்து நிமிடம் கழித்து மேலே இழுங்கள், குமிழிகள் கிளம்பி வரும். திரும்ப இறக்குங்கள். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். வெள்ளையாகத் தெரிந்த கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்து கண்ணாடி நிறத்துக்கு வரும்வரை, எத்தனை முறை ஆனாலும், ஏற்றி இறக்குங்கள். வெளியே ஒரு கறுப்புத் துணியைப் பிடித்து உள்ளிருந்து பார்த்தால் மிச்சமுள்ள காற்று வெள்ளிபோல் மின்னும். அந்த மினுக்கம் மறையும்வரை வண்டியை வெயிலுக்கு எடுக்காதீர்கள். ரெசின் இறுகிவிட்டால் அந்தக் குமிழி அங்கேயேதான்.

கோடுகள் மறைந்ததும் தாங்கியைக் கழற்றி, குழியின் மேல் இன்னொரு சொட்டு விட்டு, பிளாஸ்டிக் தாளைக் காற்றில்லாமல் மூடுங்கள். இப்போது வண்டியை வெயிலில் நிறுத்தலாம். நம் ஊர் காலை வெயிலில் கால் மணி நேரம் தாராளம். தாளை உரித்துவிட்டு, பிளேடைக் கண்ணாடிக்குச் செங்குத்தாகப் பிடித்து மேடான ரெசினைச் சுரண்டுங்கள். சாய்த்துப் பிடித்தால் குழிக்குள் இருப்பதும் சேர்ந்து பெயரும். அடுத்த சில நாட்கள் அந்த இடத்தைக் கவனியுங்கள். புதிதாக ஒரு கோடு கிளம்பினால் மறுபடி ரெசின் ஏற்றிப் பார்க்காமல் கண்ணாடிக் கடைக்கு விடுங்கள்.