பந்துகளை வீணாக்காமல் போக்கிமானைப் பிடிக்க

கோடை விடுமுறையில் வேலூர் வெயில் நண்பகலில் யாரையும் தெருவில் இறங்க விடாது என்பதால், காட்பாடி, சத்துவாச்சாரி வீடுகளில் 2022-இல் வெளிவந்த, போக்கிமான் எனும் உயிரினங்களைப் பந்து வீசிப் பிடிக்கும் போக்கிமான் ஸ்கார்லெட், வயலெட் வீடியோ விளையாட்டுகளில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளைகளுக்காக இக்குறிப்பு. கையிலிருக்கும் பந்துகளையெல்லாம் வீசித் தீர்த்த பிறகும் அரிய உயிரினம் நழுவினால், குறை பெரும்பாலும் அதிர்ஷ்டத்தில் இல்லை, எதை முதலில், எதைப் பிறகு செய்கிறோம் என்ற வரிசையில்தான் இருக்கிறது.

சண்டை தொடங்கிய முதல் சுற்றிலேயே குவிக் பால் என்ற பந்தை வீசிவிட வேண்டும். அப்போது அது சாதாரணப் பந்தைப் போல 5 மடங்கு வலிமையுடையது, அடுத்த சுற்றிலிருந்து அந்தச் சிறப்பு இல்லை. அது தவறினால், எதிரியின் உயிர்ப்புள்ளியை ஒன்றுக்குக் கீழே இறக்காத ஃபால்ஸ் ஸ்வைப் தாக்குதலால் அதைத் தளர்த்தி, பிறகு உறங்க வைப்பதே சிறந்தது, ஏனெனில் உறக்கம் பிடிபடும் வாய்ப்பை 2.5 மடங்காக்க, முடக்கமோ 1.5 மடங்குதான் தருகிறது. விஷம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுற்றுதோறும் உயிரைக் குறைத்து, கைக்கு வரவேண்டியதை அதுவே வீழ்த்திவிடும். இரவிலும் குகையிலும் 3 மடங்கு பலன் தரும் டஸ்க் பால் என்ற பந்தை அதற்குப் பின் எடுக்கலாம்.

ஆவி வகைப் போக்கிமானிடம் ஃபால்ஸ் ஸ்வைப் பலிக்காது. உறங்க வைப்பதற்குப் பெயர்பெற்ற ஸ்போர் தாக்குதல் புல் வகையிடம் செல்லாது என்பதால், அந்த வகையிடம் மட்டும் தண்டர் வேவ் தாக்குதலால் முடக்கிவிட்டுப் பந்தை வீசுங்கள்.