மினி டிராக்டருக்கு ஸ்லாஷர்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னந்தோப்பில் புல்லும் பார்த்தீனியமும் இடுப்பளவு வளர்ந்துவிட்டால், ஆள் தேடி அலைவதைவிட டிராக்டரின் பின்னால் மாட்டிப் புல் வெட்டும் ஸ்லாஷர் ஒன்றை வாங்கிவிடலாம் என்று தோன்றும். நல்ல யோசனைதான். ஆனால் கடைக்குப் போனதும் "எத்தனை அடி அகலம்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். அங்கேயே பிசகிவிடுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது பி.டி.ஓ.வில், அதாவது பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் டிராக்டரின் தண்டில், கிடைக்கும் எச்.பி. 24 எச்.பி. மினி டிராக்டர் என்றால் அது எஞ்சின் கணக்கு, பி.டி.ஓ.வுக்கு வந்து சேர்வது சுமார் 20தான். அடிக்கு 5 எச்.பி. என்று வைத்தால் 4 அடி ஸ்லாஷர் சரி. 5 அடி வாங்கினால் காய்ந்த புல்லில் ஓடும், மழைக்குப் பின் தழைத்த கோரையில் எஞ்சின் திணறும். அதற்காக ரொம்பவும் குறைக்கக் கூடாது. பின்டயர்களின் வெளி அகலத்தையாவது கத்தி எட்ட வேண்டும். இல்லையென்றால் டயர் மிதித்த புல் வெட்டுப்படாமல் படுத்துக்கிடக்கும்.

பெரும்பாலான ஸ்லாஷர்கள், பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் வேகத்துக்குச் செய்தவை. டிராக்டரில் அதைவிட வேகமான பி.டி.ஓ. இருந்தால் அதில் ஓட்டிவிடாதீர்கள். தென்னை மட்டையைத் தூளாக்கலாம் என்று நினைத்தும் வாங்காதீர்கள், அது ஸ்லாஷரின் வேலையே அல்ல.

இனி, வாங்கும்போது எனக்கு யாரும் சொல்லாத விஷயம். சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் ஒரே கிளட்ச் உள்ள ஒற்றை கிளட்ச் டிராக்டரில், கிளட்சை மிதித்தாலும் சுழலும் கத்தியின் வேகம், பி.டி.ஓ.வையும் ஸ்லாஷரையும் இணைக்கும் ஷாஃப்ட் வழியே கியருக்குள் திரும்பி வந்து சக்கரத்தைத் தள்ளும். முதல் நாள் கிணற்று மேட்டுக்கு முன்னால் கிளட்சை மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. பிரேக்கை முழு பலத்தோடு அழுத்தித்தான் நிறுத்த முடிந்தது. அடுத்த நாளே, ஒரு பக்கமாக மட்டும் விசையைக் கடத்தும் ஒன்-வே கிளட்சை வாங்கி பி.டி.ஓ.வில் மாட்டினோம். இப்போது கத்தி தன்பாட்டுக்குச் சுற்றும், வண்டி நின்றுவிடும். ஒற்றை கிளட்ச் வண்டி வைத்திருப்பவர்கள் இதை ஸ்லாஷரோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

அதை மாட்டினால் பி.டி.ஓ. முனை சில அங்குலம் பின்னால் வரும். அப்புறம் ஷாஃப்ட் நீளத்தைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். எஞ்சினை ஓட்டி லிஃப்டை மெல்ல ஏற்றி இறக்குங்கள், பி.டி.ஓ. மட்டும் ஓடக் கூடாது. பி.டி.ஓ. முனையும் ஸ்லாஷர் முனையும் மிக நெருங்கும் உயரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பாருங்கள். அங்கே ஒன்றுக்குள் ஒன்று நுழையும் ஷாஃப்ட் குழாய்கள் முட்டினால் கியர் பாக்ஸ் பேரிங் போய்விடும். ஓர் அங்குலமாவது இடைவெளி கிடைக்கும்படி இரண்டு குழாய்களையும் சம அளவில் அறுத்து, பிசிறை அரம் போட்டுத் தேய்க்க வேண்டும். அதிகமாக அறுத்துவிட்டால் ஓடும்போதே கழன்று வரும்.

ஷாஃப்டில் பாதுகாப்புக்காக மாட்டியிருக்கும் ஷியர் போல்ட் அடிக்கடி உடைகிறது என்று கடினமான போல்ட்டை முடுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்லில் கத்தி மோதினால் உடைய வேண்டியதே அந்தப் போல்ட்தான். அது உடையாவிட்டால் கியர் பாக்ஸ் உடையும். வாங்கும் அன்றே அதே தரத்தில் நாலைந்து போல்ட் வாங்கி டூல் பாக்ஸில் போட்டுவிடுங்கள்.