எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் பெரியவர்கள்: பிள்ளைகளின் விளையாட்டில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினோரு வயதுப் பையன் ஒருவன், பந்துவீச்சாளர் ஓடிவரும் நேரத்தில் அவரைப் பார்க்காமல் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் தன் தந்தையின் முகத்தைப் பார்க்கிறான் என்றால், அந்த ஆட்டம் அவன் கையைவிட்டுப் போய்விட்டது என்று பொருள். சென்னையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஏதாவதொரு மைதானத்தின் ஓரத்தில் அரைமணி நேரம் நின்றால் போதும், இந்தப் பார்வையைக் காணலாம். நீச்சல் குளத்தின் படிக்கட்டிலும், பூப்பந்து அரங்கின் கம்பிவலைக்குப் பின்னாலும், சதுரங்கப் போட்டி நடக்கும் கல்யாண மண்டபத்தின் வாசலிலும் இதே பார்வைதான். ஒன்பது ஆண்டுகளாக மகனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மைதானம் மைதானமாக அலைந்த தாயாகவும், இப்போது எங்கள் பகுதியில் 13 வயதுக்குட்பட்டோருக்கான சிறிய கிரிக்கெட் தொடரை நடத்த உதவுபவளாகவும் இதை எழுதுகிறேன். இங்கே சொல்லியிருக்கும் தவறுகளில் சிலவற்றை நானே செய்திருக்கிறேன்.

வெளியிலிருந்து ஆடுவது

மிகவும் பரவலான தவறு, ஆட்டம் நடக்கும்போது வெளியிலிருந்து கட்டளையிடுவது. அன்பினால்தான் செய்கிறோம் என்பதால் இது தவறாகவே நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விட்டுவிடு என்று பயிற்சியாளர் வாரம் முழுவதும் சொல்லிக்கொடுத்திருக்க, “அடிச்சு ஆடுடா” என்று அப்பாவின் குரல் கேட்கும்போது அந்தப் பிள்ளை யார் பேச்சைக் கேட்பது? விக்கெட்டுகளுக்கு இடையே ஓடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் ஆடுகளத்தில் இருக்கும் இரண்டு பேர் மட்டுமே. மூன்றாவதாக ஒரு குரல் வெளியிலிருந்து “ஓடு” என்று கத்தும்போது, ஒருவன் ஓட மற்றவன் நிற்க, ரன் அவுட் ஆகிறது. அதைவிடப் பெரிய இழப்பு, சொந்தமாக முடிவெடுத்து, அது தவறிப்போய், அடுத்த முறை திருத்திக்கொள்ளும் பழக்கமே அந்தப் பையனுக்கு வராமல் போவதுதான்.

சதுரங்கத்தில் பெற்றோரை ஆட்ட அரங்குக்குள் பெரும்பாலும் விடுவதில்லை. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளின்படி பார்வையாளர்கள் ஆட்டத்தில் குறுக்கிடக் கூடாது. ஏதேனும் ஒழுங்கீனத்தைக் கண்டால் நடுவரிடம் மட்டுமே சொல்லலாம். மீறுபவரை நடுவர் வெளியேற்றலாம். ஆகவே அங்கே தலையீடு இரண்டு சுற்றுகளுக்கு இடைப்பட்ட நேரத்துக்கு நகர்ந்துவிடுகிறது. தோற்றுவிட்டு வெளியே வரும் எட்டு வயதுக் குழந்தை தண்ணீர் குடிப்பதற்குள், கைப்பேசிச் செயலியில் அந்த ஆட்டத்தை ஏற்றி, எந்த நகர்வில் எவ்வளவு கெடுத்தாய் என்று காட்டும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அடுத்த சுற்றுக்கு முக்கால் மணி நேரமே இருக்கும். அந்த நேரத்தில் குழந்தைக்குத் தேவை சோறும் சற்று நடையும். ஆய்வைப் பயிற்சியாளர் மறுநாள் செய்துகொள்வார். பிரக்ஞானந்தாவின் தாயார் நாகலட்சுமி, வெளிநாட்டுப் போட்டிகளுக்கும் சமைக்கும் பாத்திரத்தைக் கையோடு எடுத்துச்சென்று மகனுக்குச் சோறும் ரசமும் செய்துகொடுப்பவர் என்பது நம்மில் பலருக்கும் தெரியும். 2023இல் பாகூவில் நடந்த உலகக் கோப்பையில் அவர் மகன் இறுதிப் போட்டி வரை சென்றபோது, சற்றுத் தள்ளி அமைதியாக நின்ற அந்த அம்மாவின் முகம்தான் ஊரெங்கும் பேசப்பட்டது. உடன் இருப்பது வேறு, ஆட்டத்துக்குள் புகுவது வேறு என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தேவைப்படவில்லை.

பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியது இருந்தால், போட்டி இல்லாத நாளில், பிள்ளை அருகில் இல்லாத நேரத்தில் கேளுங்கள். ஆட்டத்தின்போது வீரர்கள் அமரும் இடத்திலிருந்து எதிர்ப்பக்கமாகப் போய் நில்லுங்கள். நன்றாக ஆடிய எந்தப் பிள்ளைக்கும், எதிரணிப் பிள்ளைக்கும்கூட, கைதட்டலாம்.

வீடு திரும்பும் வழி

மைதானத்தில் வாயை மூடிக்கொண்டிருந்த பெற்றோர் பலர், வண்டியைக் கிளப்பியதும் தொடங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். நந்தனத்திலிருந்து மேடவாக்கம் போகும்வரை, கிட் பேக்கை முதுகில் மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையால் எழுந்து போகவும் முடியாது, முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு வேலை பார்க்கவும் முடியாது. “அந்தப் பந்தை ஏன் தூக்கி அடிச்சே?” என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை, அது தப்பான ஷாட் என்பது அவுட்டான நொடியிலேயே அவனுக்குத் தெரியும். பயிற்சிக் கட்டணம், விடுப்பு எடுத்த சம்பளம், புது பேட்டின் விலை என்று நாம் போட்ட கணக்கெல்லாம் அந்தப் பயணத்தில் வெளிவருகிறது. தான் எடுத்த ரன்களுக்கும் அம்மாவின் குரலுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதைப் பிள்ளை மிக விரைவில் கண்டுகொள்கிறது. அன்றைக்கு அவனாகப் பேச்செடுத்தால் பேசலாம். எடுக்காவிட்டால், பசிக்கிறதா என்று கேட்டு, வழியில் ஒரு இட்லிக் கடையில் வண்டியை நிறுத்துவது போதுமானது.

நடுவரோடு சண்டை

என் மகனுக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு எல்.பி.டபிள்யூ. தீர்ப்பு எனக்குத் தவறாகப் பட்டது. எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே நடந்துபோய் நடுவரிடம் விளக்கம் கேட்டேன். அவர் அன்றைய கூலிக்காக வெயிலில் நின்றுகொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவர். அவர் முகம் வெளிறியதையும், என் மகன் தலையைக் குனிந்துகொண்டதையும் இப்போது நினைத்தாலும் மனம் வலிக்கிறது. அடுத்த வாரம் அவன் கிளீன் போல்டான பிறகும் “நோ பால் சார்” என்று சொல்லிக்கொண்டு நகராமல் நின்றான். அவனை யாரும் கண்டிக்க முடியவில்லை, ஏனென்றால் அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது நான்.

நமது உள்ளூர்ப் போட்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. தனியாக நடுவர் வைக்கப் பணம் இல்லாததால், இரண்டு அணிகளின் பயிற்சியாளர்களே ஆளுக்கொரு முனையில் நடுவராக நிற்கிறார்கள். தன் மாணவன் ஆடும்போது தானே தீர்ப்புச் சொல்ல வேண்டிய நிலையில் எவ்வளவு நேர்மையானவருக்கும் சந்தேகத்தின் நிழல் விழும்; மாணவர்களை ஒவ்வொரு பந்துக்கும் அப்பீல் செய்யத் தூண்டிவிட்டு, தானே விரலை உயர்த்தும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். நுழைவுக் கட்டணத்தைச் சற்று உயர்த்தியாவது இரு அணிக்கும் தொடர்பில்லாத இருவரை நிறுத்துவதே சரி. அதற்கும் வழியில்லை என்றால், டாஸுக்கு முன்பே இரு தரப்புப் பெற்றோரையும் கூட்டி, தீர்ப்பைப் பற்றி அணித்தலைவன் மட்டுமே, அதுவும் ஓவர் முடிந்த பிறகு மட்டுமே, நடுவரிடம் கேட்கலாம் என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் தொடரில் இதைச் செய்யத் தொடங்கிய பிறகு கூச்சல் வெகுவாகக் குறைந்தது. பன்னிரண்டு வயது அணித்தலைவர்கள் எங்களைவிட நாகரிகமாகக் கேட்கிறார்கள்.

அணித் தேர்வில் நுழையும் கை

சிறிய கிளப்களும் அகாடமிகளும் பெற்றோரின் உழைப்பால்தான் ஓடுகின்றன. பந்து வாங்குவதும், மைதானத்துக்கு முன்பணம் கட்டுவதும், கணக்கு எழுதுவதும் அவர்கள்தான். ஆகவே பெற்றோரைக் குழுவில் வைக்காமல் இருக்க முடியாது. ஆனால் எந்தப் பெற்றோரின் பிள்ளை அந்த வயதுப் பிரிவில் ஆடுகிறதோ, அவர் அந்தப் பிரிவின் தேர்வுப் பேச்சில் உட்காரக் கூடாது. சீருடைக்குப் பணம் கொடுத்தவரின் மகன் முதலில் பேட் செய்யப் போவதும், நிர்வாகியின் மகள் எந்த ஆட்டத்திலும் வெளியே உட்காராததும் மற்றப் பிள்ளைகளின் கண்ணுக்குத் தப்புவதில்லை. சலுகை பெறும் பிள்ளைக்கும் அது சுமைதான். உண்மையிலேயே நன்றாக ஆடினாலும் “அவங்க அப்பாவால வந்தவன்” என்ற பேச்சு ஒட்டிக்கொள்ளும். தேர்வு அறிவித்த இரவில் வாட்ஸ்அப் குழுவில் பயிற்சியாளரைக் கேள்வி கேட்பதும் இதே வகைத் தவறு. மறுநாளே அகாடமி மாற்றிவிடுவேன் என்று மிரட்டுவது அதைவிட மோசமானது.

வயதைத் திருத்துவது

இதைத் தவறு என்று சொல்வதே மென்மை, இது மோசடி. விளையாட்டுச் சான்றிதழுக்கு இங்கே உண்மையான மதிப்பு இருப்பதால்தான் ஆசை வருகிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அரசு வேலையிலும் சிறந்த வீரர்களுக்கு இட ஒதுக்கீடு உண்டு. ஒரு வயதைக் குறைத்துக் காட்டினால் மாவட்ட அணியில் இன்னும் ஓராண்டு ஆடலாமே என்று யாரோ ஒருவர் பெற்றோர் காதில் ஓதுகிறார்.

2015 டிசம்பரில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவாற்றிய ராகுல் திராவிட் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். உள்ளூர்ப் போட்டி ஒன்றில் ஆடவைப்பதற்காகப் பயிற்சியாளர் பிறந்த தேதியை மாற்றுவதிலும், அதைப் பெற்றோர் ஏற்றுக்கொள்வதிலும்தான் இது தொடங்குகிறது என்றும், இதனால் இடமிழக்கும் நேர்மையான பிள்ளை மனம்வெறுத்து விளையாட்டையே விட்டுவிடக்கூடும் என்றும் அவர் எச்சரித்தார். 16 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்கு இந்தியக் கிரிக்கெட் வாரியம் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வளர்ச்சியைக் கணக்கிடும் டி.டபிள்யூ.3 என்ற முறையைப் பயன்படுத்துகிறது. ஆனால் அந்தச் சோதனைக்கு வருவதற்கு முன்பே, 12 வயதுப் பிரிவிலும் 14 வயதுப் பிரிவிலும் உயரமும் வலுவும் கூடிய பிள்ளைகளிடம் தோற்று ஒதுங்கியவர்கள் எத்தனையோ பேர். வளர்ச்சி தொடங்கும் அந்தப் பருவத்தில் ஓராண்டு வித்தியாசம் என்பது தோள்வலுவிலும் பந்தின் வேகத்திலும் பெரிய வித்தியாசம். தன் வயது இன்னது என்று வெளியில் பொய் சொல்லுமாறு பெற்றோரே பழக்கிய பிள்ளையின் மனத்தில் என்ன நடக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஆதாரில் இருப்பது போதும் என்று விட்டுவிடாமல், பிறந்த சில நாட்களில் பதிவான பிறப்புச் சான்றிதழை அமைப்பாளர்கள் கேட்க வேண்டும். பல ஆண்டுகள் கழித்துப் பதிவு செய்யப்பட்டிருந்தால் பள்ளிச் சேர்க்கைப் பதிவோடு ஒப்பிட வேண்டும்.

கோப்பைக்காகப் பிள்ளையின் உடலைச் செலவழிப்பதும் இதற்கு நெருங்கிய தவறு. இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியம் 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஒரு ஸ்பெல்லுக்கு, அதாவது ஓய்வின்றித் தொடர்ந்து வீசும் ஒரு முறைக்கு, 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர் என்று வரம்பு வகுத்தது. வளரும் முதுகெலும்பில் விரிசல் விழும் ஆபத்துதான் காரணம். நம் ஊரில் மே மாத வெயிலில், ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களில் ஒரே பையனை வீசவைத்து ஜெயித்த கதைகளைப் பெருமையாகச் சொல்கிறார்கள்.

எதிரணிக்கு என்ன செய்கிறோம்

1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில், சச்சின் 136 ரன்கள் எடுத்தும் இந்தியா வெறும் 12 ரன்களில் பாகிஸ்தானிடம் டெஸ்டில் தோற்றது. நெஞ்சு கனத்துப்போயிருந்த அந்தக் கூட்டம் எழுந்து நின்று கைதட்ட, பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றிவந்தது. இன்றும் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் நிகழ்ச்சி அது. அதே ஊரில், 12 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் எதிரணிப் பிள்ளை கேட்சை விட்டதும் பெற்றோர் கைகொட்டிச் சிரிப்பதும், தோற்ற அணியைக் கைகுலுக்க விடாமல் பயிற்சியாளர் அழைத்துக்கொண்டு போவதும் நடக்கின்றன.

தலையிட்டே ஆக வேண்டிய இடம்

இவ்வளவையும் படித்துவிட்டு, மைதானத்தில் எது நடந்தாலும் பேசாமல் இருக்க வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தலையில் பந்து பட்ட பிள்ளையைத் தொடர்ந்து ஆடச் சொன்னாலும், தண்ணீர் தர மறுத்தாலும், அடித்தாலும், தகாத முறையில் தொட்டாலும் பேசினாலும் அந்த நொடியிலேயே ஆட்டத்தை நிறுத்திப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். பாலியல் குற்றமென்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம்.

ஆனால் நடந்ததைப் பிள்ளை நம்மிடம் சொன்னால்தான் நமக்குத் தெரியும். முன்பு சென்றுவந்த ஒரு பயிற்சி மையத்தில், பயிற்சியாளர் ஒருவர் என் மகனை ஸ்டம்பால் காலில் அடித்திருக்கிறார். எட்டு மாதங்கள் கழித்து, வேறோர் இடத்தில் சேர்ந்த பிறகு, ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தபடி அதைச் சொன்னான். வண்டியை ஓரமாக நிறுத்தி, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அன்னிக்கு நான் ரெண்டு ரன்ல அவுட்டும்மா” என்றான்.