கேம்பர் வேனில் டீசல் எங்கே போகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய டெம்போ டிராவலரை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து, குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்பும் ஆசை வட சென்னையில் பலருக்கும் வந்திருக்கிறது. துறைமுகத்தை நம்பி வாழும் பகுதி இது. வெல்டிங், பாடி கட்டுவது, வயரிங் என்று வண்டி வேலை தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. வேனை வீடாக்கி முடித்ததும் தெருவில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "மைலேஜ் எவ்ளோ குடுக்குது?"

நான் தண்டையார்பேட்டைக்காரன். இந்தக் கேள்விக்கு நானே இரண்டு வருடம் தப்பான பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். 1000 ரூபாய்க்கு டீசல் போட்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, மனக்கணக்கில் ஒரு எண்ணைச் சொல்வேன். அது கணக்கே இல்லை. டேங்க்கை நிரப்பி, பம்ப் தானாக நின்ற இடத்தோடு விட்டுவிட வேண்டும். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்க வேண்டும். அடுத்த முறையும் அதேபோல் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை அப்போது பிடித்த லிட்டரால் வகுக்க வேண்டும். முடிந்தால் அதே பங்க், அதே பம்ப். வண்டி சாய்ந்து நின்றாலே சில லிட்டர் ஏமாற்றும். ஒரு டேங்க்கை வைத்து முடிவு செய்யாதீர்கள், மூன்று டேங்க்கின் சராசரியை எடுங்கள். இது இல்லாமல் செய்யும் எந்தச் செலவும், குறைந்ததா கூடியதா என்று தெரியாமல் செய்யும் செலவு.

இனி பெரிய விஷயத்துக்கு வருகிறேன். மைலேஜ் குறைந்தால் நம் கை முதலில் என்ஜினுக்குத்தான் போகிறது. ஃபில்டர் மாற்று, ஆயில் மாற்று, டீசலில் ஏதாவது மருந்து ஊற்று. ஆனால் நெடுஞ்சாலையில் ஒரு கேம்பர் வேன் குடிக்கும் டீசலில், என்ஜின் சூடாகப் போனது போக மீதியில் பெரும்பங்கு காற்றைத் தள்ளத்தான் செலவாகிறது. வேனின் முகம் காரின் முகத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதுவும் சுவர்போல நேராக நிற்கும். காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-ல் போகிறவர் 100-க்கு மிதித்தால், வேகம் கால் பங்குதான் கூடியிருக்கும். காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியிருக்கும். தண்டையார்பேட்டையிலிருந்து நெல்லூர் சுமார் 170 கி.மீ. முழுத் தூரமும் 100-ல் பறந்தாலும் 80-ல் போகிறவரைவிட 25 நிமிடம்தான் முன்னால் போய்ச் சேரலாம். அந்த 25 நிமிடத்துக்குக் கொடுக்கும் டீசல் அதிகம். என்னைக் கேட்டால், கேம்பர் வேனுக்கு 75 முதல் 80 வரைதான் சரியான வேகம்.

காற்று விஷயத்தில் அடுத்த தவறு கூரை. கேரியர், அதன்மேல் பெட்டி, பக்கத்தில் ஏணி, முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும் ஏசி, சுருட்டி வைத்த பந்தல் துணி. பயணம் முடிந்த பிறகும் இவையெல்லாம் வருடம் முழுக்க மேலேயே இருக்கும். கூரையில் பெரிய பெட்டி வைத்த காருக்கு நெடுஞ்சாலை மைலேஜ் 6 முதல் 17 சதவீதம் வரை குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. வேனின் முகம் ஏற்கெனவே பெரிது என்பதால் சதவீதம் அவ்வளவு வராது. ஆனாலும் இழப்பு இழப்புதான். பெட்டியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். சோலார் பேனலைக் கூரையோடு ஒட்டிப் படுக்கவையுங்கள். சாய்வான ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்து ஓட்டாதீர்கள்.

காசிமேட்டில் கடலுக்குப் போகிறவர்கள் காற்றைப் பார்க்காமல் கிளம்ப மாட்டார்கள். வேன் ஓட்டுகிறவர்களும் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம். மார்கழியில் கொல்கத்தா நெடுஞ்சாலையான ஜி.என்.டி. சாலை வழியே வடக்கே போகும்போது வாடை எதிரே வரும். 20 கி.மீ. வேகத்தில் அது நேராக அடித்தால், 80-ல் போகும் வண்டி 100-ல் போகும் வண்டியின் காற்றைத் தள்ளுகிறது. அன்றைக்கு 70-க்கு இறங்குங்கள். திரும்பும்போது அதே வாடை முதுகைத் தள்ளும். அந்த டேங்க் காட்டும் அழகான எண்ணை நம்பி யாரிடமும் பெருமை பேசவும் வேண்டாம். போகவும் வரவும் சேர்த்துத்தான் கணக்கு.

எடைக்கு வருவோம். உங்கள் வண்டி எத்தனை கிலோ என்று தெரியுமா? பெரும்பாலோருக்குத் தெரியாது. மணலி, மாதவரம் பக்கம் லாரிகளுக்கான எடை மேடை நிறைய உண்டு. சாமான், தண்ணீர், ஆட்கள் எல்லாம் ஏறிய நிலையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையைத் தாண்டியிருந்தால் அது மைலேஜ் பிரச்சினையே இல்லை, பிரேக் பிரச்சினை. அலமாரிக்குப் போடும் 18 மி.மீ. பிளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று 30 கிலோவுக்கு மேல் இருக்கும். ஆறு ஷீட் போட்டால் மூன்று ஆட்களை நிரந்தரமாக ஏற்றி வைத்ததுபோல. வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரியைத் தூக்கி வேனில் வைக்கிறார்கள். அது 50 கிலோவுக்கு மேல், அதிலும் பாதிச் சக்தியைத்தான் பேட்டரி கெடாமல் எடுக்க முடியும். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி அதில் கால் பங்கு எடையில் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. தண்ணீர்ப் பஞ்சம் பார்த்து வளர்ந்த நமக்குக் காலித் தொட்டியோடு கிளம்ப மனசு வராது, எனக்கும் வராது. ஆனால் 150 லிட்டரை நெல்லூர் வரை சுமந்து போய் அங்கே குளிப்பதைவிட, 40 லிட்டரோடு கிளம்பி, தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிரப்புவது நல்லது. எடை அதிகம் அடிப்பது நின்று நின்று போகும் ஊர்ச் சாலையில்தான். ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் அந்த 110 கிலோவையும் சேர்த்து உருட்ட வேண்டும், அடுத்த பிரேக்கில் அந்தச் சக்தி சூடாகப் போய்விடும்.

பஞ்சர் கடையில் நடக்கும் உரையாடல் ஒன்று உண்டு.

"அண்ணே, காத்து எவ்ளோ வைக்கணும்?"

"பார்த்து வைப்பா."

அந்தப் "பார்த்து வைப்பா"வை விட்டுவிடுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், அல்லது வண்டியோடு வந்த புத்தகத்தில், முன் டயருக்கு எவ்வளவு, பாரத்தோடு பின் டயருக்கு எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். அந்த எண்ணைச் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். எல்லா டயரிலும் ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும். 10 பிஎஸ்ஐ குறைந்து ஓடினால் 2 சதவீதம் போனது. அதைவிட முக்கியம், பாரம் ஏற்றிய டயர் காற்றுக் குறைவாக ஓடினால் சூடேறி, சித்திரை வெயிலில் வெடிக்கும். அளவைக் காலையில், வண்டி ஓடும் முன் பார்க்க வேண்டும். ஓடிய டயரில் காற்று விரிந்து சில பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்குகிறவர்கள் ஆறிய பிறகு குறைந்த காற்றோடு ஓடுகிறார்கள். மைலேஜுக்காக அளவுக்கு மேல் அடிப்பதும் வேண்டாம், மழையில் பிடிமானம் போய்விடும். நைட்ரஜன் அடித்தால் மைலேஜ் கூடும் என்பதில் பெரிதாக ஒன்றுமில்லை; நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும்போதோ, கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் போட்டிருக்கும்போதோ, ஏசியை ஓடவிட்டு ஸ்டார்ட்டிங்கில் நிற்கிறோம். இந்த அளவு டீசல் என்ஜின் ஏசியோடு ஒரு மணி நேரம் சும்மா நின்றால் ஒரு லிட்டருக்கு முன்பின் போகும், கிலோமீட்டர் பூஜ்யம். இரவு தங்கும் இடத்தில் என்ஜினை ஓடவிட்டுப் பேட்டரி ஏற்றுவது அதைவிட மோசம். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் சக்தி இருக்கிறது. என்ஜினும், அது சுழற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரும் தின்றது போக, ஓடும் வண்டியிலேயே 2 யூனிட் மின்சாரமாகக் கையில் தேறாது; நிற்கும் வண்டியில் இன்னும் குறையும். கிளம்புவதற்கு முந்தைய இரவே வீட்டு பிளக்கில் போட்டு பேட்டரியை நிரப்பிவிடுங்கள். கூரையில் 200 வாட் பேனல் படுத்திருந்தால் நல்ல வெயில் நாளில் முக்கால் யூனிட் கிடைக்கும். விளக்கு, மின்விசிறி, போன் எல்லாவற்றுக்கும் அது போதும். ஏசிக்குப் போதாது, அந்த ஆசையைப் பேனலை நம்பி வளர்க்காதீர்கள்.

மூலக்கடை மேம்பாலத்தில் இறங்கும்போது நியூட்ரல் தட்டும் பழக்கம் கார்புரேட்டர் காலத்து மிச்சம். இன்றைய என்ஜினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் என்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடிக்கும். திருமலை மலைப்பாதையில் இதைச் செய்வது மைலேஜைப் பற்றியதே அல்ல. மூன்று டன் வண்டியின் பாரம் முழுவதும் பிரேக் மேல் விழும். என்ஜினையும் அணைத்தால் பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் கைவிடும். தயவுசெய்து வேண்டாம்.

ஏர் ஃபில்டர் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-ல் சோதித்தபோது, புதுவகை பெட்ரோல் கார்களில் ஃபில்டர் அடைத்திருந்தாலும் மைலேஜ் குறையவில்லை, இழுவைதான் குறைந்தது. மணலி, எண்ணூர் தூசியில் ஓடும் வண்டிக்கு ஃபில்டரை நேரத்தில் மாற்றத்தான் வேண்டும், ஆனால் அது முதலில் என்ஜினின் ஆயுளுக்காக. பெட்ரோல் வேன் வைத்திருப்பவர்களுக்கு: எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, 20 சதவீதம் கலந்த பெட்ரோலில் ஆறேழு சதவீதம் குறையும். அதற்காக மெக்கானிக்கிடம் சண்டை போடாதீர்கள்.

ஏப்ரல் 2020-க்குப் பிறகு, பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டி என்றால் இன்னொன்று. சைலன்சரில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கும். பயணம் இல்லாத மாதங்களில் வேனைப் பக்கத்திலிருக்கும் டோல்கேட் பகுதி வரை காய்கறிக்கு எடுத்துப்போனால், அந்த ஃபில்டர் சூடாகாமல் கரி சேர்ந்துகொண்டே போகும். பிறகு அதை எரிக்க வண்டி தானாகவே கூடுதல் டீசல் செலவழிக்கும். காய்கறிக்கு ஸ்கூட்டரில் போங்கள். வேனை அவ்வப்போது செங்குன்றம் தாண்டி ஒரு அரை மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள்.

கிளம்பும் நேரமும் டீசல்தான். அதிகாலை நாலரைக்கு மூலக்கடையைத் தாண்டினால் சுங்கச்சாவடி வரை பெரும்பாலும் நாலாவது ஐந்தாவது கியரிலேயே போய்விடலாம். எட்டு மணிக்குக் கிளம்பினால் அதே தூரம் முதல் கியரும் இரண்டாவது கியரும்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊருக்குத் திரும்பும் கூட்டத்தில் சிக்கிக்கொள்வதும் அப்படியே. கும்மிடிப்பூண்டிக்கு முன்பே நல்ல இடமாகப் பார்த்து ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து, தோசை ஊற்றிச் சாப்பிட்டு, பிள்ளைகளைத் தூங்கவைத்து, பத்து மணிக்கு மேல் நிதானமாக ஊருக்குள் வாருங்கள். கட்டிலும் அடுப்பும் வண்டியிலேயே இருக்கிறதே.