தோட்டத்திலிருந்து பணப் பட்டுவாடா வரை: மாங்காய் லோடு வேலையை டிரெல்லோவில் தானாக நகர வைப்பது எப்படி?

காவேரிப்பட்டினம், பர்கூர், போச்சம்பள்ளி பக்கம் ஜூன் பிறந்துவிட்டால் மாங்காய்க் கொள்முதல் செய்யும் யாருடைய கைப்பேசிக்கும் ஓய்வு கிடையாது. "அண்ணா, எங்க தோட்டத்துக்கு வண்டி எப்ப வரும்?" "பேக்டரியில டோக்கன் போட்டாச்சா?" "எடைச்சீட்டு யார்கிட்ட இருக்கு?" "பணம் இன்னும் ஏறலையே?" ஒரே லோடுக்கு இத்தனை அழைப்புகள்.

காய் பறிப்பவர் சரியாகப் பறிக்கிறார். ஓட்டுநர் நேரத்துக்குக் கொண்டுபோகிறார். கணக்கரும் கணக்கைச் சுத்தமாகத்தான் எழுதுகிறார். அப்படியும் விவசாயிக்குப் பணம் தாமதமாகிறது. ஒருவர் தன் வேலையை முடித்த விஷயம் அடுத்தவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். வேலை கைமாறும் இடங்களில் நேரம் வீணாகிறது. அந்த இடங்களை மட்டும் டிரெல்லோ போன்ற ஒரு மென்பொருளிடம் கொடுத்துவிட்டால் போதும் என்பது என் உறுதியான எண்ணம். எப்படிக் கொடுப்பது என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

எடுத்துக்காட்டாக, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் உழவர் உற்பத்தியாளர் குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். உறுப்பினர்களிடம் பெங்களூரா மாங்காயை வாங்கி மாங்கூழ் ஆலைக்கு அனுப்புகிறார்கள். கள அலுவலர், வண்டி ஏற்பாடு செய்பவர், ஆலை வாசலில் நின்று எடை பார்ப்பவர், கணக்கர், தலைவர் என ஐந்து பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள். தருமபுரி பக்கம் பட்டுக்கூடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளி என்று உங்கள் சரக்கு வேறாக இருந்தாலும் முறை இதேதான்.

ஏன் டிரெல்லோ?

வேலையை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு நகர்த்தித் தரும் மென்பொருள்களைப் பொதுவாக ஒர்க்ஃப்ளோ மென்பொருள் என்பார்கள். வங்கி, காப்பீடு போன்ற பெரிய இடங்களுக்குக் கமுண்டா மாதிரியானவை இருக்கின்றன. ஒரு செயலியில் நடந்ததை இன்னொரு செயலிக்குக் கடத்த ஜேப்பியர், என்-எய்ட்-என் போன்றவை உண்டு. பலகையில் அட்டையை நகர்த்தும் வகையைச் சேர்ந்தது டிரெல்லோ. 2011-இல் வந்தது, 2017-இல் அட்லாசியன் நிறுவனம் வாங்கியது. முதல்முறை கற்றுக்கொள்பவருக்கு இதையே நான் சொல்வேன். வேலை எங்கே நிற்கிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும், கைப்பேசியில் ஓடும், இலவசத் திட்டமே ஒரு சிறிய குழுவுக்குப் போதும்.

முதல் படி: கணினியைத் திறக்காதீர்கள்

ஐந்து பேரையும் ஓர் இடத்தில் உட்கார வையுங்கள். பெரிய தாளில் ஆளுக்கு ஒரு பட்டை வரும்படி குறுக்கே கோடு போடுங்கள். கள அலுவலர் செய்வது அவர் பட்டையில், கணக்கர் செய்வது கணக்கர் பட்டையில். வேலை தொடங்கும் இடத்துக்கு ஒரு வட்டம். ஒவ்வொரு வேலைக்கும் முனை வளைந்த ஒரு பெட்டி. "ஆமா, இல்லை" என்று முடிவெடுக்கும் இடத்துக்கு ஒரு சாய்சதுரம். முடியும் இடத்துக்குத் தடித்த வட்டம். இந்தக் குறிகளை நான் உருவாக்கவில்லை. பி.பி.எம்.என். என்று உலகம் முழுக்க வழங்கும் வரைமுறை இது. 2013-இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஏற்கப்பட்டது. அதில் இன்னும் ஏராளமான குறிகள் உண்டு. நமக்கு இந்த நான்கும் பட்டையும் போதும்.

வரையும்போது ஒரு விதி: எப்படி நடக்க வேண்டும் என்பதை வரையாதீர்கள். போன பருவத்தில் உண்மையில் எப்படி நடந்ததோ அதை வரையுங்கள். "எடைச்சீட்டை டிரைவர் சட்டைப் பையில வச்சிருப்பார், ராத்திரி ஆபீஸ்ல கொடுப்பார்" என்று ஒருவர் சொன்னால் அதையும் அப்படியே எழுதுங்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். உங்கள் வேலையைத் தொடங்கலாம் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? முடித்ததும் யாரிடம் சொல்வீர்கள்? பதில் தயங்கி வரும் இடத்தில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள்.

அம்பு ஒரு பட்டையிலிருந்து இன்னொரு பட்டைக்குத் தாண்டும் இடங்களில்தான் பெரும்பாலான சிவப்பு வட்டங்கள் விழும். இதற்கு ஒரு பகல் பொழுது செலவானாலும் பரவாயில்லை. இந்தத் தாள் சரியாக இருந்தால் மீதி வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். படத்தைக் கணினியில் பத்திரப்படுத்த விரும்பினால் பி.பி.எம்.என்.டாட்.ஐ.ஓ. (bpmn.io) என்ற தளத்தில் இலவசமாக வரையலாம். தாளைப் புகைப்படம் எடுத்து வைத்தாலும் சரிதான்.

இரண்டாம் படி: போர்டும் லிஸ்ட்டும்

டிரெல்லோவில் கணக்குத் தொடங்கி ஒரு போர்டு, அதாவது பலகை, உருவாக்குங்கள். அது யார் கண்ணுக்குத் தெரியலாம் என்று கேட்கும் இடத்தில் 'பப்ளிக்' என்பதைத் தொடவே தொடாதீர்கள். தொட்டால் கூகுள் தேடலில்கூட உங்கள் விவசாயிகளின் விவரம் வரக்கூடும். 'பிரைவேட்' அல்லது 'வொர்க்ஸ்பேஸ்' (உங்கள் குழுவுக்கு மட்டும் தெரிவது) என்று வையுங்கள்.

அடுத்து லிஸ்ட்டுகள், அதாவது பலகையில் பக்கம் பக்கமாக நிற்கும் பத்திகள். பலரும் 'பார்த்தது', 'அனுப்பியது' என்று நடந்து முடிந்ததைப் பெயராக வைப்பார்கள். அதைவிட, அந்த லோடு எதற்காகக் காத்திருக்கிறது என்பதைப் பெயராக வைப்பது நல்லது:

தோட்டம் பார்க்கணும்
வண்டி அனுப்பணும்
எடை போடணும்
எடை சரிபார்க்கணும்
பணம் போடணும்
முடிஞ்சது

பெயரைப் படித்ததுமே அடுத்த வேலை யாருடையது என்று தெரிந்துவிடுகிறது பாருங்கள். டிரெல்லோவின் பொத்தான்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் லிஸ்ட், கார்டு பெயர்களைத் தமிழில் தாராளமாக எழுதலாம்.

மூன்றாம் படி: கார்டு

ஒரு லோடுக்கு ஒரு கார்டு, அதாவது லிஸ்ட் விட்டு லிஸ்ட் நகரும் அட்டை. தலைப்பில் ஊர், உறுப்பினர் எண், காய் வகை, தோராய எடை ஆகியவை இருந்தால் போதும். 'சந்தூர், உ.எண் 41, பெங்களூரா, 3 டன்' என்பது போல. இதே வடிவில் ஒரு மாதிரிக் கார்டு செய்து அதை 'டெம்ப்ளேட்' ஆக்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்க வேண்டாம். வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் எதையும் கார்டில் எழுதாதீர்கள். அவை கணக்கரின் பதிவேட்டிலேயே இருக்கட்டும்.

நான்காம் படி: ரூல் எழுதுவது

விதிகள் எழுதும் வேலையைக் கணினியில் செய்யுங்கள், கைப்பேசியில் சிரமம். போர்டின் மேற்புறம் 'ஆட்டோமேஷன்' என்று இருக்கும். அதற்குள் 'ரூல்ஸ்', பிறகு 'கிரியேட் ரூல்'. ஒவ்வொரு விதிக்கும் இரண்டு பகுதிகள் உண்டு. 'ட்ரிக்கர்' என்பது எது நடந்தால் என்பதைச் சொல்வது. 'ஆக்‌ஷன்' என்பது அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வது. ஒரு ட்ரிக்கருக்குக் கீழே எத்தனையோ ஆக்‌ஷன்களை வரிசையாகச் சேர்க்கலாம்.

முதல் விதி வண்டிக்கானது. ட்ரிக்கர்: கார்டு 'வண்டி அனுப்பணும்' லிஸ்ட்டுக்கு நகர்த்தப்பட்டால். ஆக்‌ஷன்கள்: கார்டில் பெயர் உள்ள ஆட்கள் எல்லோரையும் நீக்கு, வண்டி ஏற்பாட்டாளரைச் சேர், அப்போதிலிருந்து 6 மணி நேரத்தில் கெடு வை. கள அலுவலர் தோட்டத்தைப் பார்த்துவிட்டுக் கார்டை விரலால் நகர்த்துவார். அடுத்த நொடி வண்டி ஏற்பாட்டாளரின் கைப்பேசிக்கு அறிவிப்பு போய்விடும். பழைய ஆட்களை நீக்கச் சொன்னது காரணமாகத்தான். எல்லோர் பெயரும் கார்டில் கிடந்தால் "அவர் பார்ப்பார்" என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். எந்த நேரத்திலும் கார்டில் ஒரே பெயர்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது விதி ஆலை வாசலுக்கு. கார்டு 'எடை போடணும்' லிஸ்ட்டுக்கு வந்ததும் முன்போலவே ஆளை மாற்றுங்கள். கூடவே 'எடை' என்ற பெயரில் ஒரு செக்லிஸ்ட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதில் மூன்று வரிகள்: டோக்கன் எண் எழுதியாச்சு, எடைச்சீட்டு போட்டோ ஏற்றியாச்சு, கழிவு (ஆலை எடையில் கழிப்பது) எவ்வளவு என்று எழுதியாச்சு. எடைச்சீட்டு அங்கேயே படமாகக் கார்டில் ஏறிவிடுவதால் ராத்திரி வரை ஓட்டுநருக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இலவசத் திட்டத்தில் ஒரு கோப்பு 10 எம்.பி. வரை இருக்கலாம். கைப்பேசிப் படத்துக்கு அது போதும்.

மூன்றாவது விதி: 'எடை' செக்லிஸ்ட் முழுதும் டிக் ஆனால் கார்டை 'எடை சரிபார்க்கணும்' லிஸ்ட்டுக்கு நகர்த்து, ஆட்களை நீக்கு, தலைவரைச் சேர். நகர்த்துவதற்கு ஒரு விதி, ஆளைச் சேர்ப்பதற்கு இன்னொரு விதி என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே விதிக்குள் வையுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தாளில் நீங்கள் சாய்சதுரம் போட்ட இடம் இதுதான். ஆலை சொன்ன கழிவு நியாயமா, காய் அடிபட்டதா, வெயிலில் காத்திருந்ததால் எடை குறைந்ததா என்பதையெல்லாம் ஆள்தான் முடிவு செய்ய வேண்டும். 'கழிவு இத்தனை சதவீதத்துக்குள் இருந்தால் தானாகச் சரி' என்று விதி எழுதச் சிலர் ஆசைப்படுவார்கள். நான் கடுமையாக எதிர்ப்பேன். ஒரு வருடம் மரத்தைப் பார்த்துக்கொண்ட குடும்பத்தின் வருமானம் அந்த ஒரு எண்ணில் இருக்கிறது. அதை ஒரு மனிதர் கண்ணால் பார்த்து, தேவைப்பட்டால் விவசாயியைக் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

ஆனால் முடிவெடுத்த பிறகு நடப்பதைத் தானியக்கத்திடம் விடலாம். 'ஆட்டோமேஷன்' பக்கத்திலேயே 'கார்டு பட்டன்' என்று ஒன்று உண்டு. 'எடை சரி' என்று ஒரு பட்டன் செய்யுங்கள். தலைவர் அழுத்தினால் கார்டு 'பணம் போடணும்' லிஸ்ட்டுக்குப் போக வேண்டும், கணக்கர் சேர வேண்டும், 2 நாள் கெடு விழ வேண்டும். 'திரும்பக் கேட்கணும்' என்று இரண்டாவது பட்டன் ஒன்று. அது கார்டை 'எடை போடணும்' லிஸ்ட்டுக்குத் திருப்பி அனுப்பி, 'ஆலையில் மறுபடி விசாரிக்கவும்' என்று ஒரு குறிப்பையும் போட வேண்டும்.

கடைசியாக 'டியூ டேட்' பகுதி. கார்டின் கெடு நேரம் வந்துவிட்டால் குறிப்புப் பெட்டியில் '@கார்டு' என்ற குறியோடு 'இந்த லோடு காத்திருக்கிறது' என்று எழுதச் சொல்லுங்கள். அந்தக் குறியை மட்டும் ஆங்கில எழுத்தில் (@card) இட வேண்டும். அப்போது கார்டில் பெயர் உள்ளவருக்கு நினைவூட்டல் போகும்.

ஐந்தாம் படி: ஒரு பொய் லோடு

'சோதனை' என்று ஒரு கார்டு செய்து முதல் லிஸ்ட்டிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். ஐந்து பேரும் பக்கத்திலேயே இருக்கட்டும். யாருக்காவது அறிவிப்பு வரவில்லை என்றால் முதலில் கைப்பேசி அமைப்பில் டிரெல்லோவுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு காரணமும் உண்டு. விதியை யார் எழுதினாரோ அவர் பெயரில்தான் அந்தச் செயல்கள் நடக்கும். தான் செய்ததாகப் பதிவாகும் செயலுக்கு அவருக்கே அறிவிப்பு வராது. அதனால் லோடு வேலையில் நேரடியாக இல்லாத ஒருவர் விதிகளை எழுதுவது நல்லது. லிஸ்ட்டின் பெயரைப் பின்னால் மாற்றினால் விதிகளையும் திறந்து சரிபாருங்கள்.

முதல் வாரம் பழைய நோட்டுப் புத்தகமும் கூடவே ஓடட்டும். இரண்டும் ஒத்துப்போகிற வரை நோட்டை மூடாதீர்கள்.

அளவுகள்

இலவசத் திட்டத்தில் ஒரு வொர்க்ஸ்பேஸுக்கு 10 பேர் வரை சேரலாம். விவசாயிகள் இதற்குள் வரத் தேவையில்லை, அவர்களுக்கு வழக்கம்போல் போனில் சொன்னால் போதும். ஆனால் தானியங்கி விதிகள் மாதத்துக்கு 250 முறைதான் ஓடும். ஒரு விதிக்குள் எத்தனை ஆக்‌ஷன் இருந்தாலும் அது ஒரு ஓட்டமாகத்தான் கணக்காகும். ஒரே விதிக்குள் எல்லாவற்றையும் வைக்கச் சொன்னது இதற்குத்தான். மேலே சொன்னபடி ஒரு லோடுக்கு மூன்று விதி, ஒரு பட்டன், தாமதமானால் ஒரு நினைவூட்டல் என்று ஐந்து ஓட்டம் வைத்தால் மாதம் 50 லோடு வரை ஓட்டலாம். அதற்கு மேல் போனால் பருவ மாதங்களுக்கு மட்டும் கட்டணத் திட்டத்துக்கு மாறலாம். இல்லாவிட்டால் அதிகம் தாமதமாகாத இடத்தின் விதியை எடுத்துவிட்டு அங்கே ஆளைக் கையால் சேர்க்கலாம். முதல் லிஸ்ட்டுக்கு நான் விதியே எழுதாமல் விட்டதைக் கவனித்திருப்பீர்கள். விவசாயியின் போனை எடுப்பவரே கள அலுவலர் என்றால் அங்கே கைமாறுவதற்கு ஒன்றுமில்லை.

ஒரு மாதம் கழித்து

'முடிஞ்சது' லிஸ்ட்டில் இருக்கும் கார்டுகளில் பத்தைத் திறந்து பாருங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் அதை எங்கே நகர்த்தினார் என்ற வரலாறு ஒவ்வொரு கார்டிலும் இருக்கும். எந்த லிஸ்ட்டில் கார்டு அதிக நேரம் கிடந்தது என்று குறித்துக்கொண்டு, அந்த லிஸ்ட்டுக்குரியவரோடு உட்காருங்கள். குறை சொல்லும் குரலில் கேட்காதீர்கள். 'பணம் போடணும்' லிஸ்ட்டில் மூன்று நாள் நின்றிருந்தால், ஆலையிலிருந்து பணம் வந்த தகவலே கணக்கருக்கு வராமல் இருந்திருக்கலாம். அப்படியானால் முதலில் வரைந்த தாளில் 'ஆலைக் கணக்குப் பிரிவு' என்று ஆறாவது பட்டையைச் சேர்த்து, அங்கிருந்து கணக்கருக்கு வர வேண்டிய அம்பையும் வரையுங்கள். அடுத்த விதி அந்த அம்புக்குத்தான்.