5003-ல் 1678 போனால்? சொல்லித்தரும்போது நாம் செய்யும் தவறுகள்

5003-லிருந்து 1678-ஐக் கழிக்கச் சொன்னால், சில பிள்ளைகள் தயங்காமல் 4675 என்று எழுதிவிடுவார்கள். 3-ல் 8 போகாது. அதனால் 8-லிருந்து 3-ஐ எடுத்துவிடுகிறார்கள். பூஜ்ஜியங்களிலும் அதே வேலை. கவனம் இல்லை என்று தலையில் குட்டிப் பயனில்லை. 'பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி' என்று சின்ன வகுப்பில் நாம் சொன்னதைத்தான் செய்கிறார்கள்.

அடுத்தது, 'பக்கத்தில் கடன் வாங்கு' என்கிற பேச்சு. பக்கத்திலும் பூஜ்ஜியம், அதற்கடுத்தும் பூஜ்ஜியம் என்றால் பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்? வாங்கிய கடனைத் திருப்பித் தருவதும் கிடையாது! அதற்குப் பதில் சில்லறை மாற்றச் சொல்லுங்கள். 5003 ரூபாய் என்றால் 500 பத்து ரூபாய் நோட்டு, 3 ஒரு ரூபாய் நாணயம். ஒரு நோட்டைச் சில்லறையாக்கினால் 499 நோட்டு, 13 நாணயம். கழிக்க வேண்டிய 1678 என்பது 167 நோட்டு, 8 நாணயம். 13-ல் 8 போக 5. 499-ல் 167 போக 332. விடை 3325. பூஜ்ஜியங்களை அடித்துவிட்டு 9 போடுகிறோமே, அந்த 9 எங்கிருந்து வந்தது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

கூட்டலில் '14-க்கு 4 போட்டு, மீதி 1' என்கிறோம். அந்த 1 ஒரு பத்து என்று வாய்விட்டுச் சொல்வதே இல்லை. போதாததற்கு, 'மீதி' வகுத்தலில் வேறு அர்த்தத்தில் வந்து நிற்கும். 'ஒரு பத்து' என்றே சொல்லிப் பழகலாம்.

நம் மொழியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தொண்ணூறில் நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. மதிப்போ 90, 900. 'ஆயிரத்து ஐந்து' என்றதும் 10005 எழுதும் பிள்ளை, காதில் விழுந்தபடி 1000 போட்டு, பக்கத்தில் 5 போடுகிறது. பழைய தமிழ் எண்முறையில் அது சரிதான்: ௲௫. ஆயிரத்துக்கே தனிக் குறி இருந்ததால் இடையில் பூஜ்ஜியம் வேண்டியிருக்கவில்லை. இன்றைய முறையில் காலி இடத்தையும் எழுதிக் காட்டியாக வேண்டும். எழுதச் சொல்லும் முன் 'நூறு எத்தனை, பத்து எத்தனை?' என்று கேட்டுவிடுங்கள்.

12,450-உடன் 875-ஐக் கூட்டும்போது, ஒன்றின் கீழ் ஒன்று வராமல் 875-ஐ இடது ஓரத்திலிருந்து எழுதிவிடும் தவறுக்குக் கட்டம் போட்ட நோட்டே மருந்து.

கணக்கு முடிந்ததும் சரி, தப்பு போட அவசரப்படாதீர்கள். '5000-த்தில் ஏறக்குறைய 1700 போனால் எவ்வளவு இருக்கும்?' என்று கேளுங்கள். 3300 என்று பதில் வந்தால், 4675-ஐப் பிள்ளையே அழித்துவிடும்.