உருகி ஓடும் பிளாஸ்டிக்கை அல்ட்ராசவுண்டால் கண்காணிப்பது எப்படி?

பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளி வடிவமாக்கும் இயந்திரமான எக்ஸ்ட்ரூடரின் திரையில் வெப்பநிலையும் அழுத்தமும் தெரியும். உள்ளே ஓடும் பிளாஸ்டிக் சீராக இருக்கிறதா என்பது தெரியாது. சாம்பிளை ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வருவதற்குள் ஏகப்பட்ட சரக்கு வெளியே வந்திருக்கும். ஒலியை உள்ளே அனுப்பினால் அப்போதைக்கப்போதே தெரிந்துகொள்ளலாம். சிங்கப்பூரின் துவாஸ், ஜூரோங் தொழிற்பேட்டைகள் பக்கம் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் ஏற்ற வரிசை இது.

படி 1: ஆறிய துண்டில் தொடங்குங்கள். நேராக இயந்திரத்துக்குப் போக வேண்டாம். 10 மி.மீ. தடிமனுள்ள ஹெச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) தகட்டில் ஜெல் தடவி, 1 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ட்ரான்ஸ்டியூசரை, அதாவது ஒலியை அனுப்பவும் வாங்கவும் செய்யும் கருவியை, வையுங்கள். அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் ஒலியை விழுங்கிவிடும். பின்பக்கத்திலிருந்து அடுத்தடுத்து வரும் இரண்டு எதிரொலிகளுக்கு இடையே ஏறக்குறைய 8.2 மைக்ரோவினாடி இருக்கும். ஒலி போய்த் திரும்பிய தூரம் 20 மி.மீ. அதை நேரத்தால் வகுத்தால் வேகம் வினாடிக்குச் சுமார் 2,440 மீட்டர்.

படி 2: அதே தகட்டை 50 பாகை வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, எடுத்தவுடன் துடைத்து மறுபடி அளந்து பாருங்கள். வேகம் தெளிவாகக் குறைந்திருக்கும். உருகிய பாலிஎத்திலீனில் அது பாதியளவுக்கே இறங்கிவிடும். அதனால் வெப்பநிலையைச் சேர்த்து எழுதாத வேகக் கணக்கை நான் ஏற்பதே இல்லை.

படி 3: இப்போது டைக்கு, அதாவது உருகிய பிளாஸ்டிக் வடிவம் பெற்று வெளியேறும் அச்சுக்கு, வரலாம். எதிரெதிரே இரண்டு ட்ரான்ஸ்டியூசர், ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க. உருகிய பிளாஸ்டிக்கின் சூட்டைச் சாதாரண ட்ரான்ஸ்டியூசர் தாங்காது. இடையே எஃகுத் தண்டு வைத்து, அதன் வெளிமுனையைக் குளிர்விக்க வேண்டும். தண்டுக்குள் ஒலி செலவிடும் நேரத்தை மொத்தத்திலிருந்து கழியுங்கள். புதிதாகத் துளை போடாதீர்கள், உள்ளே அழுத்தம் அதிகம். அழுத்த சென்சாருக்கென்று ஏற்கெனவே உள்ள துளைகளில் பொருந்துமா என்று பராமரிப்புப் பிரிவைக் கேளுங்கள்.

படி 4: சரக்கு நன்றாக ஓடும்போது ஒலியின் வேகம், வந்துசேரும் ஒலியின் வலு, வெப்பநிலை, அழுத்தம் நான்கையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். அதுதான் அடிப்படை அளவு.

அப்புறம் வாசிப்பு. வெப்பநிலை ஏறி வேகம் இறங்கினால் அது இயல்பு. வெப்பநிலையும் அழுத்தமும் அசையாமல் வேகம் மட்டும் நகர்ந்தால் கலவை மாறியிருக்கலாம். மணிகளைக் கொட்டும் தொட்டியான ஹாப்பரில் என்ன கொட்டினார்கள் என்று விசாரியுங்கள். வலு மட்டும் சரிந்தால் நிரப்புப் பொருளோ குமிழியோ காரணமாக இருக்கலாம்.

நம் ஊர் ஈரக்காற்றில் குமிழியைத்தான் முதலில் சந்தேகிப்பேன். நைலான், பாலிகார்பனேட் மணிகள் திறந்து வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆனால் அழுத்தம் அதிகமுள்ள இடத்தில் அந்த ஆவி கரைந்தே கிடக்கும். டையின் வாய்ப்பக்கம் அழுத்தம் குறையும்போதுதான் குமிழியாகும். எனவே ஈரத்தைப் பிடிக்க ட்ரான்ஸ்டியூசரை வாய்க்கு அருகே வையுங்கள். அங்கே வலு சரிந்தால், வேறெதையும் திருகுமுன் மணிகளை உலர்த்தும் டிரையர் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள்.